பையை யார் பார்த்துக்கொள்வது?

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் ஒருவர் மட்டும் தண்ணீரில் இறங்குவதில்லை. பாயை விரித்து, எல்லாருடைய கைத்தொலைபேசி, கார் சாவி, பணப்பை, துண்டு, புளிச்சாதம் கட்டிய டப்பா என்று அத்தனையையும் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். "நீங்க போங்க, நான் பையப் பாத்துக்கறேன்" என்பார். உங்கள் வீட்டில் அது யார்?

ஒரு திங்கட்கிழமை காலை வானொலி நிகழ்ச்சியில் இந்தக் கேள்வியை நேயர்களிடம் கேட்டேன். ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். பேசி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அம்மா, பாட்டி, பெரியம்மா, அத்தை என்று வரிசையாகப் பதில்கள் வந்தன. சுங்கைப்பட்டாணியிலிருந்து அழைத்த ஓர் அண்ணன் மட்டும், "நான்தான் மேடம். நீச்சல் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருக்கும், அதனால பையப் பாத்துக்கறேன்னு சொல்லிடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டே ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன். ஆனால் அன்று செபராங் ஜெயாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு வயது 63. பிறந்தது பிறையில், வாழ்க்கைப்பட்டது பட்டர்வொர்த்தில், இப்போது எங்களோடு செபராங் ஜெயாவில். கடலை விட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி அவர் வாழ்ந்ததே கிடையாது. ஃபெரியில் எத்தனை தடவை தீவுக்குப் போய் வந்திருப்பார் என்று கணக்கே இல்லை. ஆனால் கணுக்காலுக்கு மேல் கடல் நீர் அவரைத் தொட்டதில்லை.

பொங்கல் முடிந்த வாரம் என் ஒன்பது வயது மகன், மீன்களைத் தண்ணீருக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தான். ஆறு வயது மகளும் சேர்ந்துகொண்டாள். ஸ்நோர்க்கலிங் போவது என்று முடிவானது. அப்போது நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: இந்தப் பயணத்தில் பையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்படி ஒரு வேலையே இல்லாதபடி திட்டம் போட வேண்டும்.

எந்தத் தீவு?

ஸ்நோர்க்கலிங் என்றதும் நம்மவர்கள் ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் என்றுதான் சொல்வார்கள். எல்லாம் கிழக்குக் கரை. நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அலை எழும்பும். பெரும்பாலான தங்குமிடங்கள் மூடிவிடும். அந்த மாதங்களில் நம் மேற்குக் கரைதான் சாதுவாக இருக்கும். எங்களுக்கு மார்ச் மாதம்தான் தோதுப்பட்டது. அதனால் புலாவ் பாயார்.

பாயார் நமக்கு வடக்கே, லங்காவிக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், கெடா மாநிலக் கடலில் இருக்கிறது. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்று நான்கு தீவுகள் சேர்ந்தது அந்தக் கடல் பூங்கா. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீன் பிடிக்கக்கூடாது, பவளத்தை உடைக்கக்கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்து வரக்கூடாது. தங்கும் விடுதி கிடையாது. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். சின்னத் தீவுதான், நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட வராது.

கோவிட் காலத்துக்கு முன்பு ஜார்ஜ் டவுனிலிருந்து லங்காவிக்கு நேராக ஃபெரி ஓடியது. நாங்கள் இந்த முறை எடுத்தது குவாலா கெடா வழி. செபராங் ஜெயாவிலிருந்து வடக்கு நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அங்கிருந்து லங்காவியின் குவா படகுத்துறைக்கு ஃபெரியில் ஒன்றே முக்கால் மணி நேரம். குவாவிலிருந்து பாயாருக்குக் காலையில் வேறு படகு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்தால் விடியற்காலை மூன்று மணிக்கே பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருக்கும். தூக்கம் கெட்ட பிள்ளையும் களைத்துப்போன அம்மாவும் கடலில் இறங்கக்கூடாது. அதனால் முதல் நாள் மாலையே லங்காவிக்குப் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் பாயார் என்று வைத்துக்கொண்டோம். கடலில் இருப்பது ஒரே நாள். ஆனால் வீட்டிலிருந்து கணக்குப் போட்டால் இரண்டு நாள். உங்கள் திட்டத்திலும் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்தது ஆள் கணக்கு. நான் போட்ட விதி எளிமையானது. நீச்சல் தெரியாத ஒவ்வொருவருக்கும் கை எட்டும் தூரத்தில், தண்ணீரில் பழகிய ஒருவர். மகளோடு என் கணவர், அம்மாவோடு நான். மகனுக்கு ஆள் இல்லை. கோலாலம்பூரிலிருந்து தம்பியை வரச் சொன்னேன். "நான் எதுக்குக்கா?" என்றான். "மாமன் கடமைக்கு" என்றேன். வந்துவிட்டான்.

எல்லாம் முடிந்தபிறகு சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான் வரேன். ஆனா தண்ணியில எல்லாம் இறங்க மாட்டேன். நான் பையப் பாத்துக்கறேன்" என்றார்.

பயத்துக்குத் தேதி உண்டு

வயதானவர்களின் பயத்தைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எங்கள் அம்மாவின் பயத்துக்குத் தேதியே உண்டு.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹலிம் ஃபெரித்துறை இடிந்து விழுந்தது. அன்று புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருவிழாவுக்குப் போய்வந்த கூட்டம், தீவில் சீனர் திருவிழாவுக்குப் போகும் கூட்டம் என்று துறை நிரம்பி வழிந்தது. 32 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபதுகளின் நடுவயது. அன்றைக்கு மாலை ஃபெரியில் போவதாக இருந்தவர், வீட்டுக்கு விருந்தாளி வந்ததால் போகவில்லை. இன்றைக்கும் அந்த விருந்தாளியின் பெயரைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிடுவார்.

2004 டிசம்பர் 26. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி சுனாமி பினாங்குக் கரையைத் தொட்டது. பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங்கில் குடும்பம் குடும்பமாகக் குளித்துக்கொண்டிருந்தவர்கள் பலியானார்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில்தான். நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவி. அதன் பிறகு நெடுநாள் எங்கள் வீட்டில் கடற்கரை என்ற பேச்சே எழவில்லை.

அதற்கும் முன்னால் போனால், கடல் என்பது நம் பாட்டன் பூட்டன்களுக்கு உல்லாசமான இடமாக இருந்ததில்லை. நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' போன்ற கப்பல்களில் ஏறியவர்கள் நாள்கணக்கில் வாந்தியும் தலைசுற்றலுமாகத் தளத்தில் கிடந்து வந்து சேர்ந்தார்கள். இறங்கியதும் வீட்டுக்குப் போனார்களா? பலரை பினாங்குப் பாலத்திலிருந்து தெரிகிற ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனித்து வைத்தார்கள். என் கொள்ளுப்பாட்டியும் அங்கே இருந்தவர் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். கடல் என்றால் பிரிவு, நோய், சாவு. அதன் பிறகு அஸ்தி கரைக்க ஓர் இடம். வருஷத்துக்கு ஒரு முறை மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் போனால், கும்பிட்டுவிட்டுக் கரையோடு திரும்பிவிடுவோம்.

மேடையில் மட்டும் கடாரம் வென்ற பரம்பரை என்று முழங்குவோம். அந்தக் கடாரம்தான் இந்தக் கெடா. ராஜேந்திர சோழனின் படை 1025-ஐ ஒட்டி வந்து போன கரை. வழியில் நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் குனோங் ஜெராய் மலைதான் பழைய மாலுமிகளுக்கு அடையாளக் குறி. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் நான் படித்த தமிழ்ப்பள்ளியில் நீச்சல் குளம் கிடையாது. என் தோழிகளில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். "தண்ணிக்கிட்ட போகாதே" என்று வளர்த்தார்கள். பாதுகாப்பு என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். அந்த நிறுவனம் சொல்லும் தீர்வுகளில் ஒன்று, பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தருவது. போகாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை ஒரு நாள் நண்பர்களோடு நீர்வீழ்ச்சிக்குப் போகத்தான் போகிறது. அன்றைக்கு அதற்குத் தெரிந்திருக்க வேண்டியது பயம் மட்டும்தானா?

எட்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பொது நீச்சல் குளத்துக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விடுவோம். அம்மா முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பை.

இரண்டாவது வாரம் உடையைப் பற்றிப் பேச்சு வந்தது. "இந்த வயசுல நான் அதெல்லாம் போட்டுக்கிட்டு நிப்பேனா?" என்றார். அதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. மலாய் மக்சிக்குகள் போடும் முஸ்லிமா நீச்சலுடை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியிருக்கும். மேலே முட்டிவரை தொங்கும் சட்டை. அங்காடிகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. கருநீலத்தில் ஒன்று வாங்கினேன். கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, "சுடிதார் மாதிரிதான் இருக்கு" என்றார். உடம்பு முழுக்க மூடும் உடைக்கு இன்னும் இரண்டு பலன் உண்டு. வெயில் சுடாது, ஜெல்லி மீன் பட்டாலும் பெரும்பகுதித் தோல் தப்பிக்கும். பிள்ளைகளுக்கும் எனக்கும் நீளக்கை உடையே எடுத்தேன்.

மூன்றாவது வாரம் படியில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீர். என் கையை இறுகப் பிடித்திருந்தார். நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

நான்காவது வாரம் மூச்சு. இங்கே என் தொழில் கைகொடுத்தது. ஒலிவாங்கி முன் உட்காரும் யாருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது மூச்சுதான்: அவசரமாக இழுக்காதே, வயிறு நிறைய எடு, மெதுவாக நீளமாக விடு. ஸ்நோர்க்கல் குழாய்க்கும் அதே பாடம். மேலோட்டமாகப் பதற்றத்தோடு மூச்சு வாங்கினால் குழாய்க்குள் நின்ற பழைய காற்றே திரும்பத் திரும்ப உள்ளே போகும். நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கும். வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, குழாயை வாயில் வைத்து, தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே அம்மா மூச்சு விட்டுப் பழகினார். மகன் நேரம் குறித்தான். விளம்பர இடைவேளை வரும்வரை கழற்றக்கூடாது என்பது அவனுடைய சட்டம்.

ஐந்தாவது வாரம்தான் உண்மையான காரணம் வெளியே வந்தது. முகமூடியை நீட்டியபோது அம்மா தயங்கினார். பிறகு மெல்லிய குரலில், "மூக்குக் கண்ணாடியக் கழட்டினா எனக்கு உன் மூஞ்சியே சரியாத் தெரியாதும்மா. தண்ணிக்குள்ள என்னத்தப் பாக்கறது? கரையில உட்கார்ந்தா பிள்ளைங்களையாவது பாத்துக்கிட்டிருக்கலாம்" என்றார்.

பவர் கண்ணாடி பொருத்திய முகமூடிகள் கடையில் கிடைக்கின்றன. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு அளவுவாரியாகத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். அம்மாவின் கண் பரிசோதனைச் சீட்டைக் கொண்டுபோய் அதற்கு நெருங்கிய அளவில் ஒன்று வாங்கினேன். தண்ணீருக்குள் முகமூடி வழியாகப் பார்க்கும்போது எல்லாமே நிஜத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்றுப் பக்கத்திலும் தெரியும் என்பது கூடுதல் வசதி. ஆறாவது வாரம் அதை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர், நிமிர்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "அடியில ஓட்டுக்கு ஓடு அழுக்கா இருக்கு. கழுவ மாட்டாங்களா?"

பார்வை தெளிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அந்த வாரமே மருத்துவரிடமும் காட்டினோம். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை உண்டு. மருத்துவர் அழுத்தம் பார்த்து, இதயத்தைச் சோதித்து, "ரொம்ப நேரம் வேண்டாம், மூச்சு முட்டினா உடனே ஏறிடணும்" என்று சொல்லி அனுப்பினார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்கள் பட்டியல்

பல நேயர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

முகமூடியை வாங்குமுன் வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. மீசை வைத்தவர்களுக்கு ஓரத்தில் தண்ணீர் கசியும். என் கணவர் மீசையை எடுக்க மறுத்துவிட்டதால், மேலுதட்டில் வாசலின் தடவிச் சமாளித்தார்.

உயிர்காப்பு அங்கி படகிலேயே தருவார்கள். ஆனால் சிறுபிள்ளைக்கு ஏற்ற அளவு இருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறுகிற அங்கி பிள்ளையைக் காப்பாற்றாது. நாங்கள் மகளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டோம்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற பொருள்கள் பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் அவை கலந்தவற்றின் விற்பனையைத் தடுத்தது. அதே ஆண்டு தாய்லாந்தும் தன் கடல் தேசியப் பூங்காக்களில் தடை விதித்தது. நீளக்கை உடை போட்டால் முகத்துக்கும் கைக்கும் மட்டும் தடவினால் போதும்.

வினிகர் ஒரு சின்ன போத்தல். ஜெல்லி மீன் பட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. வினிகர் ஊற்றிவிட்டுப் படகுக்காரரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மெட்மலேசியாவின் கடல் எச்சரிக்கையை முந்தின நாளும் அன்று காலையும் பார்த்தோம். எச்சரிக்கை இருந்தால் போவதில்லை என்று கிளம்புமுன்பே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தோம். பணம் கட்டியாகிவிட்டதே என்ற எண்ணம் கடலில் ஆபத்தானது.

கடைசியாக, பை. திருட்டுப் போனால் வருத்தப்படக்கூடிய எதையும் தீவுக்குக் கொண்டுபோகவில்லை. அடையாள அட்டை, பணப்பை, நகை எல்லாம் லங்காவித் தங்குமிடத்தின் பெட்டகத்தில். தண்ணீர் புகாத உறையில் ஒரே ஒரு கைத்தொலைபேசி. அது தம்பி கழுத்தில். மிச்சம் துண்டு, தண்ணீர் போத்தல், ரொட்டி, வினிகர். கோயிலில் கொடுத்த மஞ்சள் துணிப்பைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

நகையைக் கழற்றும்போது அம்மா செவ்வாய்க்காகப் போட்டிருந்த பவள மோதிரத்தில் கை வைத்து நின்றார். பிறகு, "கடலுக்கு அடியில அவ்வளவு பவளம் இருக்குன்னு சொல்ற, இது ஒண்ணு இல்லாட்டி என்ன?" என்று கழற்றிக் கொடுத்தார்.

பாயாரில்

காலைப் படகு. கடல் தட்டையாக இருந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பாயார். பச்சை மலை, அடியில் கொஞ்சம் வெள்ளை மணல், கண்ணாடிபோல் தண்ணீர். கரையோரம் முட்டியளவு நீரில் கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு முழம், ஒன்றரை முழம் இருக்கும். முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்ததுபோல் கறுப்பு. பிள்ளைகள் "சுறா! சுறா!" என்று கத்த, அம்மா குனிந்து பார்த்தார்.

"இது பால்சுறா மாதிரி இல்ல? நீ பொறந்தப்போ உங்க ஆயா இதத்தான் புட்டு செஞ்சு குடுத்தாங்க. பால் ஊறும்னு."

"பாட்டி, இது கடல் பூங்கா. புட்டு பண்ணக்கூடாது" என்றான் மகன், பெரிய அதிகாரிபோல.

இந்தச் சுறாக்கள் வளர்ந்தாலும் ஐந்தடியை ஒட்டித்தான் நிற்கும். சின்ன மீன்களைத் தின்பவை. மனிதர் நெருங்கினால் விலகிப் போகிற கூச்ச சுபாவம். தொடாமலும் துரத்தாமலும் தீனி போடாமலும் இருந்தால் அதன் பாட்டுக்கு அது, நம் பாட்டுக்கு நாம்.

மகனும் தம்பியும் முதலில் இறங்கினார்கள். மகள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். இடுப்பளவு வந்ததும் அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். இழுக்கவில்லை. பக்கத்தில் இருந்த படகுக்காரப் பையன், "மக்சிக், ஜங்கான் தாக்குட். பெலான்-பெலான்" என்றான். பயப்படாதீங்க, மெதுவா, மெதுவா. அம்மா குழாயை வாயில் வைத்தார். சோபாவில் பழகிய அதே மூச்சு. அங்கி அவரைத் தூக்கிப் பிடித்தது. முகத்தை நீருக்குள் வைத்தார்.

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. குழாய் வழியாக அவருடைய மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் வேகமாக, பிறகு நிதானமாக. மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று எங்களுக்குக் கீழே திரும்பியது. அம்மா என் கையை அழுத்தினார். குளத்தில் அழுத்தியதுபோல் இல்லை. 'அங்கே பார்' என்று காட்டும் அழுத்தம்.

எல்லாமே அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். உடைந்து கிடந்த பவளத் துண்டுகளும் இருந்தன. பாசி படர்ந்து செத்துப்போன பகுதிகளும் இருந்தன. பவளம் என்பது கல்லல்ல, கூட்டமாக வாழும் சின்னஞ்சிறு உயிர்கள். நீர் அதிகமாகச் சூடானால் தன்னோடு வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் சாகும். 2010-இல் அப்படி வெளுத்தபோது மலேசியாவில் பல முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக அமெரிக்கக் கடல் வளிமண்டல நிறுவனம் அறிவித்தது. பாறைபோல் திரண்டு வளரும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். என் மகன் களைத்து அதன்மேல் ஒரு முறை காலூன்றினால், அவன் வயதை ஒத்த வளர்ச்சி போய்விடும். குளத்தில் எட்டு வாரம் பழகியதன் இன்னொரு பலன் எனக்கு அங்கேதான் தெரிந்தது. மிதக்கத் தெரிந்தவர் கால் ஊன்ற இடம் தேடுவதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா இன்னொரு முறை இறங்கினார். அதன் பிறகு மணலில் ஒரு மரநிழலில் போய் உட்கார்ந்தார். மஞ்சள் பை அவருக்குப் பின்னால் எங்கோ கிடந்தது. நான் பக்கத்தில் போனேன். "போ, நீ போய் நீந்து. நான் களைச்சுப் போய்த்தான் உட்கார்ந்திருக்கேன். பைக்காக இல்ல" என்றார்.

நானும் போய் முதல் தடவையாகத் தனியாக நீந்தினேன். யார் கையையும் பிடிக்காமல் அரைமணி நேரம்.

இப்போது

உங்கள் வீட்டிலும் அடுத்த விடுமுறைக்குத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கும். படகு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் எழுதுவதற்கு முன்னால் இரண்டு வரி எழுதுங்கள். யார் கரையில் இருக்கப் போகிறார்? அது அவருடைய விருப்பமா, பழக்கமா? பழக்கம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். உடையாக இருக்கலாம், மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம். விருப்பம் என்றால் அவருக்கு நல்ல நாற்காலியும் நிழலும் ஒரு புத்தகமும் கொண்டுபோங்கள். உங்கள் சாவியையும் பணப்பையையும் அவர் மடியில் போடாதீர்கள்.

அம்மா சுங்கைப்பட்டாணியில் இருக்கும் சித்தியிடம் தொலைபேசியில் பேசினார். மீனைப் பற்றி இரண்டு நிமிடம், முகமூடியைப் பற்றிப் பத்து நிமிடம். "கண்ணாடி போட்டே பாக்கலாம்டி, எல்லாம் பெரிசு பெரிசாத் தெரியுது." கோயிலில் வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வரும் தோழிகளிடமும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் கருநீலத்தில் உடை வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், மூன்று பெரியம்மாக்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடித்தபடி சீட்டுக் கணக்கையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அதில் நடுவில் இருப்பவர் என் அம்மா. இந்த வாரம் கம்பியை விட்டுவிட்டு மல்லாந்து மிதக்கப் போவதாகச் சொன்னார். நானும் போக வேண்டும். காரில் இடம் இருந்தால்.